நடுக் குழுவில் பேர் கொடுத்த ராத்தா

எங்கள் எதிர்வீட்டு ராத்தாவைச் சாய்ந்தமருதில் பாதிப் பேர் 'ஏலும் ராத்தா' என்றுதான் அறிவார்கள். அவர் காதுபடவே அப்படிச் சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். ஒன்றைச் செய்ய முடியுமா என்று யாராவது கேட்கத் தொடங்கினால், கேள்வி முடியும் முன்பே "ஏலும்" என்றுவிடுவார். உண்மையில் தன்னால் முடியுமா என்ற யோசனை அதன் பிறகுதான் வரும். சில வேளை, வேலையைத் தொடங்கிப் பாதி வழி போன பிறகு வரும்.

பருமனான உடம்பு, ஆனால் நடை வேகம். அபாயாவின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டியுடன், வீதியில் போகிறவர்களையெல்லாம் முந்திக்கொண்டு போவார். மணப்பெண் சோடனை அவருடைய தொழில். பெட்டி நிறையப் பவுடரும் ஊசியும் கொண்டைப் பின்னும் இருக்கும். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். அதனால் எந்த ஊரில் யாருக்குக் கலியாணம் என்பது எங்கள் தெருவுக்கு முதலிலேயே தெரிந்துவிடும். அவருடைய கணவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்காவை ராத்தா என்பது போல அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம், அவரை நாங்கள் காக்கா என்போம். ராத்தா கதைப்பதைக் கேட்டுக்கொண்டு, பிளேன்டீக் கோப்பையோடு வாசல் கதிரையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்கு ஒரு வசனம் பேசினால் அதிகம்.

அவர் சோடித்த முதல் மணப்பெண் மருதமுனையில் ஒரு கைத்தறி முதலாளியின் மகள். அதற்கு முன் ராத்தா யாரையும் சோடித்ததில்லை. தன் மகளைப் பாடசாலைக் கலைவிழாவுக்குப் பவுடர் பூசி அனுப்பியதுதான் அவருடைய அனுபவம். பெண் வீட்டார் இதற்கு முன் செய்திருக்கிறீர்களா என்று கேட்கவில்லை, ஏலுமா என்று மட்டும்தான் கேட்டார்கள். ஏலும் என்றார். பெண் அழகாகத்தான் வந்தாள். ஆனால் இடது கண்ணின் மைக்கோடு வலது கண்ணைவிட மேலே ஏறிவிட்டது. துடைத்தால் எல்லாம் கலைந்துவிடும். ராத்தா அதைத் துடைக்கவில்லை. போட்டோ பிடிக்க வந்தவரைக் கூப்பிட்டு, வலது பக்கம் நின்று எடுத்தால்தான் வெளிச்சம் நல்லாய் விழும் என்று சொல்லிவிட்டார். அந்தக் கலியாண ஆல்பத்தில் மணப்பெண் எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை எங்களுக்கு வேறு யாரும் சொல்லவில்லை, ராத்தாவேதான் சொன்னார். தன்னுடைய தவறுகளை மற்றவர்கள் கண்டுபிடிக்கும்வரை அவர் காத்திருப்பதில்லை.

இன்னொரு தடவை பொத்துவில் பக்கம் ஒரு ஹோட்டலில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு வெள்ளைக்காரச் சோடி சேலை வேட்டியில் கலியாணம் செய்ய ஆசைப்பட்டார்கள். ராத்தா என்னையும் உதவிக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருடைய ஆங்கிலத்தில் அடிக்கடி வந்தது ஒரே ஒரு சொல். மணப்பெண் என்ன கேட்டாலும் "நோ ப்ராப்ளம்" என்றார். அந்தப் பிள்ளை கதவு நிலையைத் தொடும் உயரம், சேலை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. நோ ப்ராப்ளம் என்று சொல்லித் தன் தோளில் கிடந்த சால்வையைக் கீழ்க்கரையாகத் தைத்துவிட்டார். கை நிறைய மருதோண்டி போட்டு முடிந்ததும், நாளைக்குக் கடலில் இறங்கினால் இது போய்விடுமா என்று அவள் கேட்டாள். அதற்கும் நோ ப்ராப்ளம். அவள் எந்த அர்த்தத்தில் எடுத்தாளோ, சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

நான் அவருக்கு நேர்மாறு. சின்ன வயதில் எனக்கு மூச்சு முட்டும் இழுப்பு வருத்தம் இருந்தது. வளர்ந்ததும் அது போய்விட்டது. ஆனால் என் உம்மாவின் மனதிலிருந்து போகவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணத்துக்குப் பிறகும் நான் உம்மா தந்த வீட்டில்தான் இருந்தேன். உம்மா அடுத்த வளவில். மழைக்காலத்தில் நான் முற்றத்தில் இறங்கினாலும் மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வரும். பாடசாலை நூலகத்தில் வேலை கிடைத்தபோது, புத்தகத் தூசு எனக்கு ஆகாது என்று உம்மா அதிபரிடமே போய்ச் சொல்லப் பார்த்தார். இப்படியே கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிப் போயிற்று. யாராவது எதையாவது கேட்டால், எனக்கு ஏலா என்பதுதான் முதலில் வாயில் வரும்.

கல்முனையில் உம்ராவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் ஹாஜியார் ஒருவர், ஒரு வருடம் புதிதாகக் காஷ்மீருக்குப் பனி பார்க்கும் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்தார். என் கணவருக்கு ஆசை வந்துவிட்டது. உம்மா சாப்பிடாமல் இருந்து பார்த்தார். குளிர் என் நெஞ்சைப் பிடித்துவிடும் என்றார். எதிர்வீட்டு ராத்தாவும் காக்காவும் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் மனம் இறங்கினார். அதுவும் ராத்தாவைக் கூப்பிட்டு என் கையை அவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான்.

புறப்படும் முன் ஹாஜியார் எல்லோருடைய போனுக்கும் ஒரு செய்தி அனுப்பினார். பனிச்சறுக்குப் பழக விரும்புகிறவர்கள் தங்கள் தரத்தைப் பார்த்து எந்தக் குழு என்று சொல்ல வேண்டும். முதலாம் குழு, பலகையைக் காலில் மாட்டியே பார்க்காதவர்களுக்கு. நடுக் குழு, ஓரளவு சறுக்கிப் பழகியவர்களுக்கு. கடைசிக் குழு கெட்டிக்காரர்களுக்கு. தன் தரம் தெரியாதவர்கள் தங்களையே சில கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம் என்றும் இருந்தது. சறுக்கிக்கொண்டு போகும்போது நினைத்த இடத்தில் நிற்க முடியுமா? இரண்டு பக்கமும் திரும்ப முடியுமா? விழுந்தால் யாருடைய உதவியும் இல்லாமல் எழும்ப முடியுமா?

ராத்தா என் வீட்டு மேசையில் இருந்துகொண்டு அதைச் சத்தமாக வாசித்தார். தானே பதிலும் சொன்னார். நிற்க வேண்டும் என்றால் நிற்கத்தானே வேண்டும், நிற்காமல் எங்கே போவது. திரும்புவது பெரிய விஷயமா, கல்முனைச் சந்தைக்குள் பெருநாள் சனத்துக்கு நடுவில் திரும்பாததையா பனியில் திரும்பப் போகிறோம். விழுந்தால் எழும்பாமல் அங்கேயே கிடக்கிறதா. மூன்றுக்கும் ஏலும் என்றுதான் வருகிறது என்று சொல்லிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"நாம நடுக் குழு."

நாம் பனியையே கண்டதில்லையே என்றேன். முதலாம் குழுவில் சின்னப் பிள்ளைகளைப் போட்டிருப்பார்கள், அங்கே போனால் ஊர் திரும்பும்வரை தவழ வேண்டியதுதான் என்றார். நான் முதலாம் குழு என்று அனுப்ப வேண்டும் என்று போனை எடுத்தேன்.

"உனக்கும் சேத்துப் பேர் குடுத்திட்டன்கா," என்றார்.

அடுத்த நாளே பயிற்சி தொடங்கிற்று. ராத்தா வீட்டு மண்டபத்தில் வழுவழுப்பான தரை ஓடு. அதில் பவுடரைக் கொட்டி, காலுறை போட்டு, இரண்டு கையிலும் வீடு கூட்டும் தும்புத்தடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவர் சறுக்கினார். சுவர் வந்ததும் நின்றார். காக்கா தன் பிளேன்டீக் கோப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ராத்தா என்னையும் இறங்கச் சொன்னார். நான் சுவரைப் பிடித்தபடி இரண்டு அடி வைத்தேன். நல்லா வருகுது என்று கை தட்டினார். எனக்கும் ஏதோ வருவது போலத்தான் இருந்தது.

காஷ்மீர் மலையில் போய் இறங்கிய முதல் காலையில் எனக்குத் தெரிந்துவிட்டது, வரவில்லை என்று. அந்தச் சப்பாத்தே கால் முழுவதையும் இரும்பில் வைத்தது போல இறுக்கிற்று. பலகையை மாட்டியதும் நான் நினைக்காத பக்கமெல்லாம் கால் போயிற்று. நடுக் குழுவுக்குப் பொறுப்பான பயிற்றுநர் ஒரு நடுவயதுக் காஷ்மீர்க்காரர். எங்களைத் தவிர அந்தக் குழுவில் இருந்தவர்கள் கொழும்பிலிருந்து வந்த இளைஞர்கள், வெளிநாட்டில் படித்தபோது பழகியவர்கள். பயிற்றுநர் ஒவ்வொருவராகச் சின்ன மேட்டிலிருந்து சறுக்கி வந்து நின்று காட்டச் சொன்னார். ராத்தா கையை விரித்தபடி கீழே வந்தார். நிற்கும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. பாதை ஓரத்தில் கூட்டி ஒதுக்கி வைத்திருந்த பனிக்குவியல் ஒன்று அவரை நிறுத்திற்று. அவர் இரண்டு கையையும் உயர்த்தி, அதற்காகவேதான் வந்தவர் போல நின்றார். பயிற்றுநர் தலையாட்டினார். என்னுடைய முறை வந்தபோது அவர் குனிந்து யாருடைய சப்பாத்தையோ இறுக்கிக்கொண்டிருந்தார். ராத்தா என்னைக் காட்டி, இவவும் நோ ப்ராப்ளம் என்றார்.

மேலே போவதற்குக் கம்பியில் தொங்கி ஓடும் நாற்காலி. இருவர் இருவராக ஏற வேண்டும். என் கணவரும் காக்காவும் கீழே தேநீர்க் கடையில் நின்று கை காட்டினார்கள். காக்கா தன் அன்றைய வசனத்தைச் சொன்னார்: "ரெண்டு பேரும் கவனம்." நாற்காலி எங்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ராத்தா கீழே தெரிந்த மரங்களைக் காட்டிக் கதைத்துக்கொண்டே வந்தார். மேலே இறங்குகிற இடத்தில் நாங்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தோம். அங்கே நின்றவர்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

பிறகு விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தோம்.

வெள்ளைச் சுவர் ஒன்றைச் சாய்த்து வைத்தது போல இருந்தது. தேநீர்க் கடை ஒரு தீப்பெட்டி அளவு. கொழும்பு இளைஞர்கள் இப்படியும் அப்படியும் வளைந்து போய்ச் சிறிது நேரத்தில் புள்ளிகளானார்கள். பயிற்றுநர் கொஞ்ச தூரம் இறங்கி நின்று, வரும்படி எங்களைப் பார்த்துக் கையசைத்தார். எனக்கு நெஞ்சு இறுகிற்று. அது இழுப்பு அல்ல, பயம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன. ராத்தாவின் சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் போனால் நானும் போவேன் என்பதும் எனக்குத் தெரிந்தது, தனியாக அங்கே நிற்க என்னால் முடியாது.

ராத்தா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கீழே பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தன் சட்டையை விடாமல் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார்.

"இது ஏலா," என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. அவர் பயிற்றுநரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். என்ன சொல்வது என்று தேடினார். முடியாது என்பதற்கு அவரிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. அந்தச் சொல் அவருக்கு இதுவரை தேவைப்படவில்லை. கடைசியில் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டிச் சத்தமாகச் சொன்னார்:

"ப்ராப்ளம்."

பயிற்றுநர் பக்கவாட்டில் படியேறுவது போலப் பலகைகளை வைத்து வைத்து எங்களிடம் வந்தார். முன்பு எப்போதாவது சறுக்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். ராத்தா இல்லை என்று தலையாட்டினார். பயிற்றுநர் கோபப்படாமல் எங்கள் பலகைகளைத் தானே கழற்றி நாற்காலி ஓட்டுகிறவரிடம் கொடுத்தார். வெறுமையாகக் கீழே திரும்பும் நாற்காலி ஒன்றில் எங்களை உட்கார வைத்தார்.

அந்த நாற்காலிகளில் ஏறுகிற எல்லோரும் மேலேதான் வருவார்கள். கீழே போகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். எதிரே வந்த ஒவ்வொரு நாற்காலியும் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயிற்று. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீங்கள் ஒரு நாளும் ஏலா என்று சொன்னதில்லையே என்று மெல்லச் சொன்னேன்.

"நான் தனிய எண்டாப் போயிரிப்பன். என்ட கால்தானே, உடைஞ்சாலும் பாத்துக்குவன். உன்ட காலுக்கு நான் எப்பிடிகா ஏலும் எண்டு சொல்லுற?" என்றார். சிறிது தூரம் போன பிறகு, "உன்னக் கேக்காம உன்ட பேரக் குடுத்தது பிழை," என்றார்.

அதற்குள் எதிரே ஒரு நாற்காலி வந்துவிட்டது. அதில் தாடி வைத்த ஒரு முதியவரும் பேரனும். ராத்தா கையை உயர்த்தி அஸ்ஸலாமு அலைக்கும் என்றார். அவர்கள் சிரித்துப் பதில் சொன்னார்கள். அடுத்த நாற்காலிக்கும் சலாம். அதற்கடுத்ததற்கும். கீழே வந்து சேர்வதற்குள் அந்த மலையில் பாதிப் பேர் அவருக்குப் பழக்கமாகிவிட்டார்கள். நானும் எப்போது என்று தெரியாமல் சிரிக்கத் தொடங்கியிருந்தேன்.

காக்கா நாற்காலியடிக்கு வந்து நின்றார். அன்றைக்கு இரண்டாவது வசனமும் பேசினார், ஏதும் மறந்துவிட்டீர்களா என்று.

"ஓம்," என்றார் ராத்தா, "நிக்கப் பழகுறத்துக்கு மறந்திட்டம்."

நேரே முதலாம் குழுவுக்குப் போனோம். அங்கே சின்னப் பிள்ளைகள் மட்டுமல்ல, எங்களைக் கூட்டிவந்த ஹாஜியாரும் இருந்தார். அங்கே முதல் பாடமே விழுவதுதான். பக்கவாட்டில் எப்படி விழுவது, பலகையைக் குறுக்கே வைத்து எப்படி எழும்புவது. பிறகு பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, வேகத்தைக் குறைத்து நிற்பது. ராத்தா நல்லாய் விழுந்தார். விழும்போதெல்லாம் தானே முதலில் சிரித்தார், அதனால் பிள்ளைகளும் பயமில்லாமல் விழுந்தார்கள். இருந்த நாளெல்லாம் அந்தச் சின்னச் சரிவிலேயே போய் வந்துகொண்டிருந்தோம். கடைசி நாள் அவர் சரிவின் நடுவில், எந்தக் குவியலும் இல்லாத இடத்தில், நின்றார். நின்றதும் குனிந்து தன் காலைப் பார்த்தார். பின்னால் வந்த நான் அவரை இடிக்காமல் நின்றேன். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் உம்மா வீட்டு மண்டபம் நிறையப் பெண்கள். உம்மா முதலில் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு வட்டிலப்பம் வெட்டினார். ராத்தா என்ன அளப்பாரோ என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். நடுக் குழு, சப்பாத்து, பனிக்குவியல், நாற்காலி, விழுந்தது, கீழே பார்த்தது எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். வந்தவர்கள் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கதை விளிம்புக்கு வந்ததும் மட்டும் ராத்தா என் பக்கம் கையை நீட்டினார்.

"இவ போறத்துக்கு ரெடியாத்தான் நிண்டவ. எனக்குத்தான் கை கால் நடுங்கிட்டு. நான் பயந்து போய் இவவயும் இழுத்துக்கிட்டு இறங்கினன்."

நான் வாயைத் திறந்தேன். ராத்தா ஒரு துண்டு வட்டிலப்பத்தை என் வாயில் வைத்தார். உம்மா கத்தியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் இழுப்பு மருந்துப் போத்தலை இன்னமும் அலுமாரியில் வைத்திருக்கும் உம்மா, என்னை அப்படிப் பார்த்ததில்லை. வேறு யாருடைய மகளையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

வந்தவர்கள் போன பிறகு வாசலில் வைத்து ராத்தாவைப் பிடித்துக் கேட்டேன். எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னவர், இதில் மட்டும் ஏன் பொய் சொன்னீர்கள்? அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"உன்ட உம்மாக்கு முன்னால வேற என்னத்தச் சொல்லுற? நீ இனி ஒரு இடமும் போகவேணாமா?"

அடுத்த வருடம் ராத்தாவின் மகளுக்குக் கொழும்புப் பக்கம் தெஹிவளையில் வீடு அமைந்தது. அவரும் காக்காவும் அங்கே போய்விட்டார்கள். சிவப்புப் பெட்டியும் போயிற்று. கொழும்புப் பெண்களைச் சோடிக்க ஏலும் என்று அங்கேயும் யாருக்கோ சொல்லியிருப்பார். அவர் போய்ச் சில மாதங்களில் ஹாஜியார் மறுபடியும் பனிப் பயணம் அறிவித்தார். நான் பாடசாலையிலிருந்து வந்தபோது உம்மா அவரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் என் கணவருக்கும் பேர் கொடுத்து, தன் பேரையும் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் குழு என்று ஹாஜியார் கேட்டிருக்க வேண்டும்.

"என்ட மகள் எதுலயோ அதுலதான் நானும். அவ நடுக் குழுவாத்தான் இரிக்கும்," என்றார் உம்மா பெருமையாக.

நான் கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் போனை வாங்கினேன். "ஹாஜியார், எங்களுக்கு முதலாம் குழு போதும்," என்றேன். "சின்னச் சரிவில சறுக்கவும் நிக்கவும் எனக்கு ஏலும். உம்மாவ நான் பாத்துக்குவன்."